ஜெபக்குமாரின் ஒன்றரை டன் விறகு

19.10.2024 – சவுக்கு விறகு, ஒன்றரை டன் – ரூ. 9,000
அன்றே – ஏற்றுகூலி, வண்டி வாடகை – ரூ. 1,800
26.10.2024 – கோடாரி ஒன்று, இரும்பு ஆப்பு இரண்டு – ரூ. 1,150
2.11.2024 – விறகு பிளந்த கூலி, இரண்டு நாள் – ரூ. 2,000
9.11.2024 – விறகு நனையாமலிருக்கத் தகரக் கொட்டகை – ரூ. 14,600
23.11.2024 – புகைபோக்கி – ரூ. 6,250
3.12.2024 – புயலில் பறந்த தகரத்தை மறுபடி அடிக்க – ரூ. 3,200
14.12.2024 – கண்ணுக்குச் சொட்டு மருந்து – ரூ. 340
ஆக மொத்தம் – ரூ. 38,340

என் அடுத்த வீட்டு ஜெபக்குமார் சிக்கனமாக வெந்நீர் வைக்கப் போய்ச் செலவழித்த தொகை இது. எழுதச் சொன்னவரும் அவர்தான்.

முப்பத்து மூன்று வருடம் அணுபுரம் குடியிருப்பில் தண்ணீர் மோட்டார் ஓட்டிவிட்டு, போன மே மாதம் ஓய்வு பெற்றார். ஓய்வு பெற்றவர்களில் சிலர் தோட்டம் போடுவார்கள், சிலர் சர்ச் கமிட்டியில் சண்டை போடுவார்கள். இவர் வீட்டுச் செலவைக் குறைக்க முடிவு செய்தார். கடற்கரைச் சாலையில் ஒரு பிரியாணிக் கடை. விறகடுப்பில் சமைத்தது என்று பலகை வைத்து, தட்டுக்கு அறுபது ரூபாய் அதிகம் வாங்குகிறார்கள். அந்தப் பலகைதான் அவரைக் கெடுத்தது.

"கார்ல வந்து டப்பு குடுத்து வெறகடுப்பு சோறு துன்றான் அண்ணாத்த. நாம இன்னாடான்னா கேஸுக்கு அழுதுகினு கீறோம். நீ எழுதிகினே வா. வருஷக் கடைசில எவ்ளோ மிச்சம்னு பாக்கலாம்."

அவர் வீட்டில் ஒரு சிலிண்டர் ஐம்பது நாள் வரும். வருடத்துக்கு ஏழு. அன்றைய விலை 818.50, ஏழுக்கும் சேர்த்து 5,729.50. மிச்சம் பிடிக்க வேண்டிய தொகை மொத்தமே அவ்வளவுதான்.

எங்கள் பக்கத்தில் விறகைப் பங்குனி வெயிலில்தான் வாங்குவார்கள். ஐப்பசி மழையில் யாரும் வாங்க மாட்டார்கள். விறகு எடைக்கு விற்கிற சரக்கு. டன்னுக்கு ஐநூறு குறைத்தார்கள் என்பதற்காக ஜெபக்குமார் ஐப்பசி இரண்டாம் தேதி என்னையும் கூட்டிக்கொண்டு போய் நின்றார். விறகுத்தொட்டி வைத்து விறகு விற்கும் இருசப்பன் முன்பு கடலுக்குப் போனவர்.

"ஈரமா கீதே" என்றேன் நான்.

"மீனும் வெறகும் ஈரத்தோடதான் அண்ணாத்த எடைக்கு வரும்" என்றார் இருசப்பன். "காஞ்சது வோணும்னா கருவாடு வாங்கிக்கோ."

ஜெபக்குமார் சிரித்தார். பணத்தையும் கொடுத்தார். அந்தக் குவியலிலிருந்து ஒரு கட்டையை எடுத்து வந்து நிறுத்து, என் வீட்டு ஜன்னலில் வைத்தேன். 4 கிலோ 200 கிராம்.

நவம்பர் கடைசியில் புயல் வந்தது. கடலோரம் முழுக்கச் சவுக்கு சாய்ந்தது. ஊரே சும்மா அள்ளிக்கொண்டு போனது. எங்கள் தெருவில் காசு கொடுத்து வாங்கிய விறகு ஜெபக்குமார் வீட்டில் மட்டும் இருந்தது; அதற்கு மேலிருந்த கொட்டகைத் தகரம்தான் அங்கே இல்லை.

விறகு வெந்நீருக்கு மட்டும் என்றுதான் மனைவி பிரிசில்லாவிடம் சொல்லியிருந்தார். ஈரக் கட்டையை ஊதி ஊதிக் கண் சிவந்தும் பிரிசில்லா பொறுத்துக்கொண்டார். டிசம்பர் 16 அன்று சிலிண்டர் தீர்ந்தது. மாற்றிவருகிறேன் என்று எடுத்துப் போன ஜெபக்குமார் வெறுங்கையோடு வந்தார். பையில் 900 ரூபாய் இருந்தது. கனெக்‌ஷன் பிரிசில்லா பெயரில். அதைத் திருப்பிக் கொடுக்கும் விண்ணப்பப் பாரத்தில், பென்ஷன் காகிதம் என்று சொல்லி முந்தைய வாரமே கையெழுத்து வாங்கியிருக்கிறார். டெபாசிட் 2,200 கிடைக்கும் என்று கணக்குப் போட்டிருந்தார். 1998இல் கட்டியது எதுவோ அதைத்தான் கொடுத்தார்கள்.

பிரிசில்லா சத்தம் போடவில்லை.

"எங்கம்மா சவுக்குத் தோப்புல குச்சி மிளாறு பொறுக்கனதுக்கு தோப்புக்காரன் கையால அடி வாங்கிச்சு. இந்தத் தெருவுல மொத கேஸு என் பேர்ல வந்துச்சு. நீ ஒம்போதாயிரம் குடுத்து அதே மிளாற வாங்கியாந்து என்னை ஊத சொல்ற. என் கையெழுத்தையும் திருடிக்கின."

மறுநாள் காலை பஸ்ஸில் கேளம்பாக்கம் போய்விட்டார், மகள் சிநேகாவின் ஃபிளாட்டுக்கு.

"நாலு நாள்ல வந்துடும் பாரு" என்றார் ஜெபக்குமார். நாற்பது நாளாகியும் வரவில்லை. அவருக்கு அடுப்பு பற்றவில்லை. காலை நாஸ்தாவும் மதியச் சாப்பாடும் கடையில். அந்தச் செலவை மேலே உள்ள கணக்கில் சேர்க்கவில்லை. அவர் போன் செய்தால் பிரிசில்லா எடுப்பதில்லை. "போன்ல அவரே பேசிகினு இருப்பார். கடுதாசின்னா குறுக்க பேச முடியாது" என்று எனக்கு எழுதினார். அது முதல் கடிதம், 6.1.2025. விறகுக் கணக்கின் நகல் கேட்டிருந்தார். அனுப்பினேன்.

மார்ச் 8 அன்று ஜன்னல் கட்டையை மறுபடி நிறுத்தேன். 2 கிலோ 600. கணக்கு போட்டால், ஒன்றரை டன்னில் 571 கிலோ தண்ணீர். டன் ஆறாயிரம் வீதம், தண்ணீருக்கு மட்டும் 3,426 ரூபாய். அதே அளவு கேன் தண்ணீர் வீட்டு வாசலுக்கே ஆயிரம் ரூபாய்க்கு வந்திருக்கும். படித்துக் காட்டினேன். ஜெபக்குமார் ஜன்னல் கட்டையைக் கையில் எடுத்துப் பார்த்தார்.

"நானு மோட்டார் ஓட்னவன் அண்ணாத்த. தண்ணிய போயி வெல குடுத்து வாங்கிகீறேன்." பிறகு கேட்டார்: "இன்னா பண்ணா பிரிசில்லா திரும்பி வரும்?"

எழுதிக் கேட்டேன். இரண்டாவது கடிதம் 15.3.2025: கனெக்‌ஷன் பழையபடி தன் பெயரிலேயே வேண்டும், பாரம் தன் கைக்கு வர வேண்டும், ஒவ்வொரு வரியும் படித்த பிறகே கையெழுத்து, அடுப்பு எரிவதை அவர் சொன்னால் போதாது, நான் பார்த்து எழுத வேண்டும்.

பாரம் கேளம்பாக்கம் போய்க் கையெழுத்தோடு வந்தது. புதுக் கனெக்‌ஷனுக்கு எல்லாம் சேர்த்து 3,650. மீதி விறகை இருசப்பனிடமே விற்றார். போன தடவை ஈரத்தோடு நிறுத்த அதே தராசில் இப்போது 620 கிலோதான் நின்றது.

"காஞ்சிபோச்சே நைனா, எடை எங்க நிக்கும்" என்றார் இருசப்பன், கிலோவுக்கு நாலு ரூபாய் எண்ணிக் கொடுத்தபடி.

மார்ச் 24 மாலை அடுப்பு எரிந்தது, நீல நிறத்தில், இரண்டு பர்னரும். பார்த்தேன், அன்றே எழுதிப் போட்டேன். பதிலில் இரண்டே வரி: "ஞாயிறு ஆராதனை முடிஞ்சு வரேன். வெந்நீர் அவரே வெச்சு வைக்கட்டும்." அந்தக் கடைசிக் கடிதம் வந்த நாள்: 27.3.2025, வியாழக்கிழமை.