அப்பா எழுந்து நின்ற ஆட்டம்

எங்கள் அப்பாவுக்குப் பந்து உதைக்கத் தெரியாது. ஆனால் பாளையங்கோட்டையில் பந்தாட்டத்தைப் பற்றி அவரை விட அதிகமாகப் பேசியவர் யாரும் இருந்திருக்க மாட்டார்கள். ரொட்டி சுடுவது அவருக்குத் தொழில். விடியுமுன் அடுப்பு மூட்டினால் மதியத்தோடு வேலை முடிந்துவிடும். சாயங்காலம் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு பள்ளிக்கூட மைதானத்துக்குப் போய்விடுவார். வேப்பமரத்தடியில் அவரைப் போலவே ஒரு கூட்டம் காத்திருக்கும்.

மைதானத்தில் பையன்கள் ஆடுவார்கள், இவர்கள் ஆட்டுவிப்பார்கள். "பைய லே, பைய!" என்று ஒருவர் மெதுவாகப் போகச் சொல்லிக் கத்துவார். "ஓடு லே, தூங்குதியா?" என்று இன்னொருவர் அதே பையனைப் பார்த்துக் கத்துவார். பந்து கோட்டைத் தாண்டி இவர்கள் பக்கம் உருண்டு வந்தால் மட்டும் எல்லாரும் வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, ஏதோ பெரிய மனிதர் வருவது போல விலகி வழிவிடுவார்கள்.

ஆற்றுக்கு அக்கரையில், திருநெல்வேலி டவுனிலும் இப்படி ஒரு கூட்டம் உண்டு. வருஷத்துக்கு ஒருமுறை இரண்டு ஊர்ப் பள்ளிக்கூடங்களும் மோதும்போது, நடுவில் நடக்கும் ஆட்டத்தை விட ஓரத்தில் நடக்கும் வாய்ச்சண்டைதான் பெரிதாக இருக்கும். நான் சொல்வது முதல் உலக யுத்தம் வருவதற்குச் சில வருஷங்களுக்கு முன்பு. எனக்கு எட்டோ ஒன்பதோ வயது.

அந்த டவுன் கூட்டத்தில் ஒருவர்தான் எங்கள் அத்தான். வக்கீல் ஆபீசில் குமாஸ்தா. எப்போதும் கையில் குடை இருக்கும். அதிகம் பேச மாட்டார். அக்காவுக்கு அவரைப் பேசி முடித்தபோது, "எல்லாம் சரிதான், எதிர்க்கட்சி ஆளுல்லா" என்று அப்பா ஒரு குறை சொன்னதாக அம்மா பிற்பாடு சொல்லியிருக்கிறாள்.

கல்யாணம் முடிந்து அக்காவும் அத்தானும் முதல்முறையாக எங்கள் வீட்டுக்கு வந்து தங்கியிருந்தார்கள். ஒருநாள் சாயங்காலம் அத்தான் ஆற்றங்கரைப் பக்கம் காலாற நடந்துவிட்டு வந்தார். வீட்டுக்குள்ளே அப்பா தரையில் உட்கார்ந்து, பக்கத்து வீட்டுக்காரருக்கு அந்த வருஷத்து ஆட்டத்தில் நம் பள்ளிக்கூடம் ஏன் தோற்றது என்று விளக்கிக்கொண்டிருந்தார். தேங்காய்ச் சிரட்டைகள்தான் ஆட்டக்காரர்கள். ஒரு எலுமிச்சம்பழம் பந்து. வாசலில் ஆள் நிழல் தட்டியது. அப்பா மரத்தடி ஆள் யாரோ என்று நினைத்துத் தலையைத் தூக்காமலே, "சத்த நேரம் நில்லும் வே" என்றார்.

மாமனார் எழுந்து நின்று, "வாங்க மாப்ள" என்று சொல்ல வேண்டும். பத்தமடைப் பாயை விரித்துப் போட வேண்டும். மாப்பிள்ளை "இருக்கட்டும் மாமா, நீங்க உக்காருங்க" என்று சொல்ல வேண்டும். அப்புறம் இருவரும் உட்கார வேண்டும். எங்கள் பக்கத்தில் இது ஜெபத்துக்கு அடுத்தபடியான காரியம். அத்தான் கொஞ்ச நேரம் வாசலிலேயே நின்றார். அந்தச் சிரட்டைகளைப் பார்த்தார். பிறகு சுவரில் சாய்த்திருந்த குடையை எடுத்துக்கொண்டு வந்த வழியே போய்விட்டார். அடுக்களையிலிருந்து அம்மா போட்ட சத்தத்தில் அப்பா எழுந்து தெருவுக்கு ஓடியபோது, குடை தெருமுனை திரும்பிவிட்டது.

அக்கா எங்களோடு தங்கிவிட்டாள். ஒரு வாரத்தில் சரியாகிவிடும் என்றார்கள். மழைக்காலம் போயிற்று, கிறிஸ்துமஸ் போயிற்று. டவுனிலிருந்து தயிர்க்காரி மூலமாகச் செய்தி மட்டும் வந்தது. "மாமா எந்திரிச்சு நின்னு வாங்கன்னு சொல்லட்டும், வாரேன்" என்றாராம் அத்தான்.

அப்பாவும் அதே தயிர்க்காரியிடம் பதில் சொல்லி அனுப்பினார். "அவரு முதல்ல வரட்டும். வராத ஆளுக்கு எப்படி எந்திரிச்சு நிக்க?"

இரண்டு பேர் சொல்வதும் எனக்கு நியாயமாகத்தான் பட்டது. அக்கா கல்யாணத்துக்கு வாங்கிய பத்தமடைப் பாயைச் சுருட்டி மூலையில் சாத்தி வைத்துவிட்டு, வெறும் ஓலைப்பாயில் படுத்தாள். எதிர்வீட்டுக்காரி வந்து, "இன்னுமா போகல?" என்று கேட்கும்போதெல்லாம் பின்கட்டுக்குப் போய்விடுவாள்.

அடுத்த வருஷம் பள்ளிக்கூடங்களின் ஆட்டம் சரிசமமாக முடிந்தது. யாரும் ஜெயிக்காததால் இரண்டு கூட்டத்துக்கும் வெறி அடங்கவில்லை. பையன்களை ஒழுங்காக ஆடவிடாமல் இவர்கள் போட்ட சத்தத்தில் நொந்துபோன டிரில் வாத்தியார் ஊதலைத் தூக்கிக் காட்டி, "இவ்வளவு தெரிஞ்ச நீங்களே வார சனிக்கிழமை எறங்கி ஆடுங்க. நான் நின்னு பாக்கேன்" என்றாராம். அவர் கோபத்தில் சொன்னார். இவர்கள் அழைப்பாக எடுத்துக்கொண்டார்கள்.

அப்பாவைக் கோல் காக்க நிறுத்தினார்கள். அதிகம் ஓட வேண்டாம் என்பதால் அவரே கேட்டு வாங்கிக்கொண்ட இடம் அது. டவுன் பக்கத்தில் யார் யார் ஆடுகிறார்கள் என்ற விவரம் தயிர்க்காரி வழியாகத்தான் வந்தது. அதைக் கேட்டதும் அம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டாள்.

"ஏட்டி, அப்பாகூட நீயும் போ. அத்தான நல்லாப் பாத்துட்டு வா. மேலு இளைச்சிருக்காரா, என்ன ஏதுன்னு. ஆட்டத்தப் பாத்துட்டு நின்னுராத."

அக்கா அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். முறத்தின் சத்தம் நின்றுபோயிருந்தது.

இப்படித்தான் நான் அந்த ஆட்டத்துக்குப் போனேன். கூச்ச சுபாவம் எனக்கு அப்போதே உண்டு. அத்தனை ஆண்கள் கூடியிருந்த இடத்தில், அப்பாவின் சட்டையைக் கையில் வைத்துக்கொண்டு கோலுக்குப் பின்னால் ஒதுங்கி நின்றேன். கோல் என்றால் இரண்டு மூங்கிலும் மேலே ஒரு கயிறும்.

எல்லாரும் வேட்டியைத் தார் பாய்ச்சிக் கட்டியிருந்தார்கள். ஊதல் ஊதியதும் விசித்திரமான ஒன்று நடந்தது. பந்து யார் பக்கம் போனாலும் அவர்கள் மரியாதையாக விலகி வழிவிட்டார்கள். வருஷக்கணக்காகப் பழகிய கால்கள். பந்து ஓரிடத்தில் நின்றுபோனால் சுற்றி நின்று, அதை யார் உதைக்க வேண்டும், எப்படி உதைக்க வேண்டும் என்று எல்லாரும் எல்லாருக்கும் சொன்னார்கள். பள்ளிக்கூடப் பையன்கள் வேப்பமரத்தடியில் உட்கார்ந்துகொண்டு, "பைய அண்ணாச்சி, பைய! ஓடும் அண்ணாச்சி, தூங்குதீரா?" என்று திருப்பிக் கொடுத்தார்கள்.

எங்களுக்கு முதல் கோல் போட்டவர் மேலப்பாளையத்து நெசவுக்கார பாய் ஒருவர். கண்ணை இறுக மூடிக்கொண்டிருந்தபோது பந்து அவர் நெஞ்சில் பட்டு உள்ளே போனது. கண்ணைத் திறந்தவர், "எங்கன போச்சு?" என்று கேட்டார். அவரைத் தூக்கிக்கொண்டு ஆடினார்கள். பிறகொருமுறை, பந்து கோட்டைத் தாண்டிவிட்டதா இல்லையா என்று நம் ஆட்கள் கூடிநின்று வாதாடிக்கொண்டிருந்த வேளையில் டவுன்காரர்கள் ஒன்று போட்டுச் சமன் செய்தார்கள்.

நான் அம்மா சொன்னபடி அத்தானைத்தான் பார்த்தேன். உடம்பு இளைக்கவில்லை. சட்டையில் கடைசிப் பொத்தான் இல்லை. மற்றவர்கள் கத்தும்போது அவர் கத்தவில்லை. அடிக்கடி எங்கள் கோல் பக்கம் பார்த்தார். என்னைப் பார்த்தபோது ஒருமுறை சிரிக்கப் போய், பிறகு நிறுத்திக்கொண்டார்.

அப்பாவுக்கு மைதானத்தில் உட்கார்ந்தே பழக்கம். பந்து அந்தக் கோடிக்குப் போனால் மூங்கிலுக்குப் பக்கத்தில் குத்தவைத்து உட்கார்ந்துவிடுவார். பந்து திரும்பினால், "ரொட்டி அண்ணாச்சி, எந்திரியும்!" என்று யாராவது கத்துவார்கள். எழுந்து நிற்பார். பொழுது சாயச் சாய என் நிழல் மூங்கில்களைத் தாண்டி நீண்டு, அவர் முதுகின் மேல் விழுந்தது. எனக்குப் பொழுதுபோகாத நேரத்தில் கையை ஆட்டி, அந்த நிழல் விரல்களால் அப்பாவின் முதுகைச் சொறிந்துகொண்டிருந்தேன்.

ஆட்டம் முடியப்போகிறது என்று டிரில் வாத்தியார் சொன்னதும் எங்கள் ஆட்கள் அத்தனை பேரும் ஜெயிக்கிற கோலைப் போட எதிர்க்கோடிக்கு ஓடிவிட்டார்கள். அப்பாவை எழுப்ப யாரும் மிச்சமில்லை. மூங்கிலுக்கு அருகே எங்கள் சபையின் உபதேசியார் வேடிக்கை பார்த்து நின்றார். அப்பா குனிந்து, தரையில் கூழாங்கற்களைப் பரப்பி, நம்மவர்கள் செய்கிற தப்பு என்னவென்று அவருக்கு விளக்க ஆரம்பித்துவிட்டார்.

அந்தக் கூட்டத்துக்குள்ளிருந்து பந்து எப்படியோ பிதுங்கி வெளியே வந்தது. அத்தானின் காலில் சேர்ந்தது. அவர் வழிவிடவில்லை. பந்தைத் தட்டிக்கொண்டே தனியாக ஓடிவந்தார். முகம் சிவந்து, ஒரு கையை நெற்றிக்கு மேல் பிடித்துக்கொண்டு, நேராக எங்களைப் பார்த்து.

உபதேசியார் நிமிர்ந்து பார்த்துப் பதறினார். "வே! உம்ம மாப்ள வாராரு வே!"

அப்பா துள்ளி எழுந்தார். எழுந்தவர் தலையிலிருந்த துண்டை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டார். ஒரு அடி ஒதுங்கி நின்று, "வாங்க மாப்ள, வாங்க" என்றார்.

நான் அத்தானின் முகத்தை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்ததால் பந்து எப்போது உதைபட்டது, எவ்வளவு வேகமாக வந்தது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அது என் காலடியில் வந்து நின்றபோதுதான் உள்ளே போய்விட்டது என்று புரிந்தது. ஓடிவந்த வேகத்தை நிறுத்த முடியாமல் அத்தான் மூங்கிலைப் பிடித்துக்கொண்டு நின்றார். மூச்சு வாங்கியது. அப்பாவைப் பார்த்தார், கையிலிருந்த துண்டைப் பார்த்தார். பிறகு தலையைக் குனிந்துகொண்டு பைய சொன்னார்:

"இருக்கட்டும் மாமா. நீங்க உக்காருங்க."

ஊதல் ஊதியது. இரண்டுக்கு ஒன்று. டவுன்காரர்கள் அத்தானை இழுத்துக்கொண்டு போனார்கள். நம் ஆட்கள் அப்பாவைச் சூழ்ந்துகொண்டார்கள்.

"என்ன வே செஞ்சீரு?"

"கூப்பிட்டதுதான் கூப்பிட்டீரு, ஒரு பாயையும் விரிச்சுப் போட்டிருக்கலாமே வே!"

அப்பா என்னிடமிருந்து சட்டையை வாங்கி மாட்டிக்கொண்டு நடந்தார். ஆட்டம் முடிந்ததும் வீடு வரைக்கும் அதைப் பற்றிப் பேசாமல் அவர் வந்தது அன்று ஒருநாள்தான். அவமானத்தில் பேச்சு வரவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

வீட்டில் அம்மாவும் அக்காவும் காத்திருந்தார்கள். தோற்றுவிட்டோம் என்று சொன்னேன். அது யார் காதிலும் விழவில்லை. அத்தானுக்கு உடம்பு இளைக்கவில்லை என்றேன். அக்காவின் முகம் கொஞ்சம் வாடியது. சட்டையில் பொத்தான் இல்லை என்றேன். உடனே தெளிந்தது. இது என்ன என்று எனக்கு விளங்கவில்லை.

"அப்பாகிட்ட ஏதும் பேசினாரா?" என்று அம்மா கேட்டாள்.

நடந்ததை அப்படியே சொன்னேன். அப்பா எழுந்து, துண்டை எடுத்து, "வாங்க மாப்ள" என்றதையும், அத்தான் பதிலுக்குச் சொன்னதையும். ஊரே சிரித்தது என்றும் சொன்னேன். அக்கா கையிலிருந்த முறத்தைக் கீழே வைத்தாள். முதலில் சிரித்தாள். பிறகு முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு பின்கட்டுக்குப் போனாள். கொஞ்ச நேரம் கழித்துத் திரும்பி வந்து, மூலையிலிருந்த பத்தமடைப் பாயை எடுத்து உதறினாள். தோற்றுப்போன வீட்டில் எல்லாரும் இப்படி இருந்தது எனக்கு ஆச்சரியமாக இருந்தது.

அடுத்த வாரத்தில் அத்தான் வந்தார். குடை தெருமுனை திரும்பும்போதே அப்பா வாசலில் எழுந்து நின்றுகொண்டிருந்தார். அக்கா மாட்டுவண்டியில் பாயை மடியில் வைத்துக்கொண்டு பாலத்தைத் தாண்டிப் போனாள். மைதானத்தில் அப்பாவை வெகுகாலம் விடவில்லை. எந்தப் பையன் கோல் விட்டாலும், "வாங்க மாப்ள!" என்று மரத்தடி முழுக்கக் கத்தும். அப்பாவும் சேர்ந்து சிரிப்பார்.

எனக்குத்தான் ஆறவில்லை. ஒருநாள் மாவு பிசைந்துகொண்டிருந்தவரிடம் கேட்டேவிட்டேன். "அந்தப் பந்த ஏம்ப்பா புடிக்கல?"

"வெயிலு நேரா கண்ணுல அடிச்சுதுளா. ஒண்ணுமே தெரியல" என்றார் அப்பா.

அம்மா அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள். வெயில் என்றால் யார்தான் என்ன செய்ய முடியும்? எனக்கு அந்தப் பதில் போதுமானதாக இருந்தது. பள்ளிக்கூடத்தில் கேலி செய்தவர்களிடமெல்லாம் அதையே சொல்லிச் சண்டை போட்டேன்.

அப்பா இப்போது இல்லை. போன மாசம் ஒரு காரியமாகப் பாளையங்கோட்டை போயிருந்தபோது, சாயங்காலம் அந்த மைதானத்து வழியாக நடந்தேன். பையன்கள் ஆடிக்கொண்டிருந்தார்கள். மூங்கிலுக்குப் பதில் இப்போது நல்ல மரக்கம்பங்கள். அப்பா நின்ற அதே பக்கத்துக் கோலுக்குப் பின்னால், யாரும் கவனிக்காதபடி கொஞ்ச நேரம் நின்றேன். என் நிழல் கம்பங்களைத் தாண்டி நீண்டு, கோல் காத்துக்கொண்டிருந்த பையனின் முதுகின் மேல் விழுந்தது. திரும்பிப் பார்த்தேன். சூரியன் என் பின்னால் இருந்தது.

அந்தப் பக்கம் நின்று கோல் காக்கிறவனுக்குச் சாயங்கால வெயில் முதுகில்தான் படும். எதிரே ஓடிவந்தவன்தான் கண்ணுக்கு மேல் கையை வைத்துக்கொண்டான். அன்று ஓடிவரும்போது அத்தானுக்கு அப்பாவின் முகம் தெரிந்திருக்காது. குரல் மட்டும்தான் கேட்டிருக்கும்.