ரெண்டு தேர் பார்க்காத வருஷம்

பிறப்புத் துண்டு, தேயிலைத் தோட்டத்துக் கடிதம், செத்துப்போன புருஷன் வீரய்யாவின் மரணச் சான்றிதழ் மூன்றையும் பழஞ்சீலையில் வைத்துக் கட்டிக்கொண்டிருந்தாள் காளியாயி. முடிச்சு விழவில்லை. கொழுந்து பறிக்கப் போகிறவர்களின் குழந்தைகளை விட்டுப்போகும் பிள்ளைக்காம்பராவில் ஒரு கையால் தொட்டிலை ஆட்டிக்கொண்டே மறு கையால் துணி மாற்றுகிறவள். அந்தக் கைக்கு, இலங்கை மலையகத்து ஹட்டன் கடைவீதி முச்சந்தியில், பட்டப்பகலில் ஒரு முடிச்சு வசப்படவில்லை.

பள்ளிவாசலை ஒட்டித் துணிக்கடை வைத்திருந்த இப்றாஹிம் எட்டிப் பார்த்தார்.

“என்னா காளியாயி, பேயறஞ்ச மாதிரி நிக்கிறே? பிரஜாவுரிமை விசாரணையில என்ன கேட்டாங்க?”

“இந்தியாவுல ஊருக்குப் போயி எத்தன காலம் இருந்தேன்னு கேட்டாங்க இப்றாஹிம் நானா. ரெண்டு தேரு பாக்கலன்னேன். கிளாக்கரு அத ரெண்டு வருஷம்னு விசாரிக்கிற தொரகிட்ட சொல்லிட்டாரு.”

தோட்டத்து லயன் வீடுகளில் இருக்கும் ஜனம் வருஷத்துக்கு ஒரு தேர் என்று தேரை வைத்துத்தான் எண்ணும். கிளாக்கருக்கு அது தெரியும். அதனால்தான் வந்தது வினை.

“ஒரு வருஷத்துக்கு மேல வெளிய இருந்தா பேர வெட்டிருவாங்களேம்மா!”

காளியாயி பேரை வெட்டினால் இரண்டு பிள்ளைகளின் பேரும் போகும். இங்கேயே பிறந்த பிள்ளைகளை எந்த ஊரில் கொண்டுபோய் இறக்குவது?

“நான் இருந்தது எட்டு மாசந்தான். தையில போனேன், புரட்டாசியில வந்துட்டேன்.”

“அப்புறம் எப்படி ரெண்டு தேரு?” என்றவர், எதிரே இருந்த கோயிலைப் பார்த்ததும் தொடையில் தட்டினார். “அடடே, நீ போனது கோபுரம் கட்டின வருஷம்! மாசியில ஒரு தேரு, கும்பாபிஷேகத்துக்கு ஆவணியில ஒரு தேரு. மழை கொட்டினப்ப எங்க பள்ளிவாசல் விறாந்தையிலதானே பந்தி போட்டாங்க! கோபுரத்தடியில ரெண்டு தேரையும் பொறிச்சுக் கல்லு வச்சிருக்காங்க, போய்ப் பாரு.”

ஓடினாள். கல் இருந்தது. ஆனால் வருஷா வருஷம் அடித்த சுண்ணாம்பு எழுத்தையெல்லாம் மூடியிருந்தது. கேட்டுவிட்டுச் சுரண்டலாமென்றால், பூசாரி இராமையா நடை சாத்திவிட்டுப் போயிருந்தார். விசாரணையோ நாளையோடு முடிகிறது.

மறுநாள் முதல் பஸ்ஸில் இறங்கி, பூசாரியிடம் சொல்லிவிட்டு, தேங்காய் நாரும் தண்ணீருமாக உட்கார்ந்து தேய்த்தாள். விரல் கணுவில் தோல் உரிந்தது. பூசாரி படித்துச் சொன்னார்: மாசி இருந்தது, ஆவணி இருந்தது, இரண்டுக்கும் மேலே ஒரே வருஷம் இருந்தது. பிறகு தெருவைக் கடந்துபோய், விசாரணை நடக்கும் கட்டடத்துக்குள் நுழையவிருந்த கிளாக்கரின் முன்னால் நின்றாள்.

“ஐயா, நாலு எட்டு நடந்து வந்து அந்தக் கல்லப் படிங்க. படிக்காம உள்ள போக விடமாட்டேன்.”

கிளாக்கர் வந்தார், படித்தார், தாளில் எழுதிக்கொண்டார். பேர் நிற்குமா என்பதைத் துரைதான் முடிவு செய்ய வேண்டும். கிளாக்கர் எழுதியதன் கீழே காளியாயி கைநாட்டு வைத்துவிட்டு, பிள்ளைக்காம்பராப் பிள்ளைகளுக்குப் பால் காய்ச்ச நேரமாகிவிட்டதென்று பஸ்ஸுக்கு நடந்தாள்.