இடது கண்ணில் ஒன்றரை மில்லிமீட்டர்

ஸ்கேன் அறைக்கு வெளியே ஒரு படிவம் கொடுத்தார்கள். ஒன்பதாவது கேள்வி: கண்ணில் எப்போதாவது இரும்புத் துகள் விழுந்ததுண்டா?

சக்கர நாற்காலியில் இருந்த அப்பாவிடம் கேட்டேன். முந்தின நாள் குளியலறையில் விழுந்ததிலிருந்து அவருடைய வலது கை அசையவில்லை. பேச்சு மட்டும் தெளிவாக இருந்தது.

"இல்ல."

"நாப்பது வருஷம் வெல்டிங் பண்ணியிருக்கீங்க. ஒரு தடவைகூடவா?"

"இல்லன்னா இல்ல. வக்கீல் மாதிரி குடையாத."

'இல்லை'யில் டிக் அடித்தேன்.

ஸ்கேன் எடுப்பவர் தொழில் என்ற இடத்தைப் பார்த்தார். "வெல்டரா? அப்ப முதல்ல கண்ணுக்கு ஒரு எக்ஸ்ரே. இவங்க எல்லாரும் இல்லன்னுதான் சொல்வாங்க."

உள்ளே இருப்பது பெரிய காந்தம். கண்ணுக்குள் இரும்பு இருந்தால் அது நகரும்.

எக்ஸ்ரே படம் பார்ப்பதுதான் என் தொழில். மனிதர்களுடையது அல்ல, கொதிகலன்களில் போட்ட வெல்டிங்குடையது. அப்பாவின் படத்தை விளக்குப் பலகையில் மாட்டியதும் யாரும் சொல்வதற்கு முன் பார்த்துவிட்டேன். இடது கண்குழிக்குள் எலும்பைவிட வெள்ளையாக ஒரு புள்ளி. ஒன்றரை மில்லிமீட்டர்.

அந்த ஸ்கேனை விட்டுவிட்டு, காந்தம் இல்லாத வேறொன்று எடுத்தார்கள். மூன்றாம் நாள் அப்பா இறந்தார். அந்த ஸ்கேன் எடுத்திருந்தாலும் எதுவும் மாறியிருக்காது என்றார் மருத்துவர். இருக்கலாம். எனக்குப் புரியாதது அவருடைய 'இல்ல'. பொய்யா, மறதியா, அவருக்கே தெரியாதா? ஸ்கேன் எடுப்பவர் குறுக்கிட்டிருக்காவிட்டால், நான் அடித்த டிக்கோடு காந்தத்துக்குள் போயிருப்பார்.

அப்பா பத்தொன்பது வயதில் வெல்டிங் பிடித்தார். சட்டைகளின் முன்பக்கமெல்லாம் பொறி பட்ட பொத்தல். இரண்டு தகடுகளைத் தற்காலிகமாக ஒட்டச் சின்னப் பொட்டு வைக்கும்போது முகமூடியைப் போடமாட்டார், கண்ணை மூடிக்கொள்வார். சில நாள் சிவந்த கண்ணோடு ஈரத்துணியைப் போட்டுப் படுத்திருப்பார். தண்ணீர் கொட்டும்.

"பொண்டாட்டி செத்தாக்கூட இவ்ளோ அழமாட்டேன்" என்பார்.

"செத்துக் காட்டவா?" என்பாள் அம்மா.

கடைசிப் பத்து வருடங்களில், போட்ட வெல்டிங்கைக் கட்டைவிரல் நகத்தால் தடவிப் பார்ப்பார். கை தேர்ந்துவிட்டது என்று நினைத்தேன்.

இரண்டு வாரம் கழித்து அவருடைய தொழிற்சாலைக்குப் போனேன். அவரோடு வேலை செய்த 'கூலிங்கிளாஸ்' மாமா சாப்பாட்டு அறையில் இருந்தார். வீட்டுக்குள்ளும் கறுப்புக் கண்ணாடி போடுபவர். அவரிடம் அந்த ஒன்பதாவது கேள்வியைக் கேட்டேன்.

"விழுந்துச்சும்மா. பன்னெண்டு வருஷம் இருக்கும். இரும்பு தேய்க்கிற கிரைண்டர்லேர்ந்து தெறிச்சுது. நான்தான் எடுத்தேன்."

"எதால?"

"தீக்குச்சியாலதான். இங்க எல்லாருக்கும் நான்தான் கண் டாக்டர். ஃபீஸ் ஒரு டீ."

"ஆஸ்பத்திரிக்குப் போகலையா?"

"போனா பதிவாயிடும். கண்ணு சரியில்லன்னு கொதிகலன் வேலையிலேர்ந்து தூக்கிடுவாங்க. உங்கப்பாவப் போய் வேலிக்கம்பி ஒட்டச் சொன்னா ஒட்டுவாரா?"

"வருஷா வருஷம் கண் பரிசோதனை உண்டே?"

அவர் சிரித்தார். வலது கையால் வலது கண்ணை மூடினார். "அடுத்த கண்ணு" என்று தானே சொல்லிக்கொண்டு கையை மாற்றினார். இடது கை மூக்கைத் தாண்டி வந்து அதே வலது கண்ணை மூடியது.

"கைதான் மாறும், கண்ணு மாறாது. பரிசோதனை பண்றவர் சீட்டைப் பாப்பாரு, மூஞ்சியப் பாக்கமாட்டாரு. நான்தான் சொல்லிக் குடுத்தேன். ஒரு வருஷம்கூட உங்கப்பா மாட்டல."

படத்தை எடுத்துக் கொடுத்தேன். ஜன்னலுக்கு நேரே பிடித்தார்.

"இது இடது கண்ணு, மாமா."

"நான் எடுத்தது வலதும்மா. நீ படத்தத் திருப்பிக் குடுத்திருக்க."

"ஓரத்துல 'L'ங்கிற எழுத்து நேரா இருக்கு பாருங்க. திருப்பல."

எழுத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "வலதுதான். அதுல அப்புறம் அவருக்கு வெளிச்சம் மட்டுந்தான் தெரிஞ்சுது."

வலதில் பார்வை இல்லை. பரிசோதனையில் எழுத்துகளைப் படித்த இடதில் இரும்பு. வலிக்காமலே நுழையும் துகள்களும் உண்டு என்று படித்திருக்கிறேன். இது அப்படிப்பட்டதா என்று படம் சொல்லாது.

"இடதுல எப்ப விழுந்துச்சு?"

"எனக்கென்னம்மா தெரியும்? எங்கிட்ட வரலையே." கண்ணாடியைக் கழற்றினார். "ஏன் வரல? அந்தத் தீக்குச்சியாலதான் வலது போச்சுன்னு நினைச்சிட்டாரோ?"

"தெரியல, மாமா."

"உங்கிட்டயாவது சொல்லியிருப்பாரே."

"இல்லன்னுதான் சொன்னாரு."

வேலை தொடங்கும் சங்கு ஊதியது. மற்றவர்கள் எழுந்து போனார்கள். அவர் எழவில்லை. படத்தை இன்னும் வெளிச்சத்துக்கு நேரே பிடித்திருந்தார்.