வேதா வாங்கிய கூலி

"ஊழியரைச் சார்ந்து வாழ்பவர், தொழில் ஏதும் இல்லை." காஞ்சன்பாக் தொழிற்சாலைக் குடியிருப்புப் பதிவேட்டில் வேதாவைப் பற்றி இவ்வளவுதான். அதை எழுதிய அதிகாரியின் மனைவி அணிந்த ரவிக்கைகளெல்லாம் வேதா தைத்தவை. குடியிருப்பில் தொழில் நடத்தக் கூடாது என்ற விதியைப் பெண்கள் கண்ணும் கருத்துமாகக் காப்பாற்றினார்கள்: கூலி என்று யாரும் கொடுத்ததில்லை. வெற்றிலை பாக்கோடு ஒரு ரவிக்கைத் துணி வைத்துக் கொடுப்பார்கள். அதாவது, தைத்ததற்குச் சம்பளம் இன்னும் கொஞ்சம் தையல். டிரங்குப் பெட்டி நிறைந்துவிட்டது.

எழுபதுகளின் நடுவில், லாலாகுடா ரயில்வே காலனி ஆரோக்கியமேரி தன் மகள் எலிசபெத்தை அழைத்து வந்தாள். கல்யாண கவுன், மேல்பகுதி கார்செட் மாதிரி உடம்பைப் பிடிக்க வேண்டும். கொடிப்பூ போட்ட துணி, அளவாகத்தான் இருந்தது. கூலி என்ன என்றும் கேட்டாள். வேதாவை யாரும் அப்படிக் கேட்டதில்லை. இது நன்றாக அமைந்தால் தானும் தையல்காரிதான் என்று நினைத்துக்கொண்டாள்.

பூவில்லாத வெற்றுத் துணியிலேயே பழகிய கை. ரவிக்கைக்குப் போலவே மடித்துப் போட்டு வெட்டினாள். அடி மடிப்பு நழுவியது தெரியவில்லை. மேல்பகுதிப் பட்டைகளை மூட்டி எலிசபெத் போட்டுப் பார்த்தபோது இடப்பக்கப் பூ நிமிர்ந்து நின்றது. வலப்பக்கப் பூ இரண்டு விரற்கடை இறங்கியிருந்தது.

"ஒரு பக்கம் தண்ணி ஊத்தலையா, வேதாம்மா?" என்றாள் ஆரோக்கியமேரி.

துணியைத் திருப்பிக் கொடுத்துவிடு, வம்பு வேண்டாம் என்றார் கணவர் உமாசங்கர். அவருடைய தொழிற்சாலையில் அளவு தவறியதை ஒதுக்கிவிடுவார்கள். வேதா ஒதுக்கவில்லை. கவுனின் கைக்கென்று வைத்திருந்த துண்டை ஒற்றையாக விரித்தாள். சரியாக வந்த இடப் பட்டையை அதன்மேல் கவிழ்த்து, பூமேல் பூ உட்காரும்வரை நகர்த்தினாள். சுற்றிலும் குண்டூசி குத்திய பிறகே கத்தரியைத் தொட்டாள். விறைப்புக்குப் பழைய குடையின் கம்பிகள். கைக்கு, டிரங்குப் பெட்டியிலிருந்து சந்தன நிற ரவிக்கைத் துணி.

கண்ணாடி முன் நின்ற எலிசபெத், கை இந்த நிறத்திலேயே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டாள்.

வேதாவுக்கு என்ன கொடுப்பது வழக்கம் என்று ஆரோக்கியமேரி அக்கம்பக்கத்தில் விசாரித்திருப்பாள் போலும். தட்டில் வெற்றிலை, பாக்கு, பச்சை நிறத்தில் ஒரு ரவிக்கைத் துணி வைத்து நீட்டினாள்.

வேதா தட்டைத் தொடவில்லை. "துணி பெட்டி நிறைய இருக்கு, மேரியம்மா. கூலி குடுங்க."

"ஹவ், ஆமா, அதுவும் சரிதான்" என்று சிரித்துக்கொண்டே ஆரோக்கியமேரி பர்ஸைத் திறந்தாள்.

பதிவேட்டை யாரும் திருத்தவில்லை. அன்று முதல் வேதா, அந்த அதிகாரியின் மனைவி உட்பட எல்லாருக்கும், கூலிக்குத் தைத்தாள்.