முதலாளியின் மேசை இருந்த இடம்

பூவத்திலிருந்து காரைக்காலுக்கு வேலைக்குப் போன ஒரு காலையில்தான் முதலில் தெரிந்தது. பேருந்திலிருந்து இறங்கி நான்கு எட்டு நடந்திருப்பேன். பின்னால் வந்த பெண், "அக்கா, ஒரு கால்ல செருப்பு இல்லைங்க" என்றாள். வெறுங்கால் தார்ச் சாலையில் இருந்தது. சூடு தெரியவில்லை.

மூன்றாம் நாள் எழுந்து நிற்க முடியவில்லை. கணவர் தூக்கிப்போய் ஆட்டோவில் உட்காரவைத்தார். மருத்துவர் முழங்காலில் சுத்தியலால் தட்டினார். கால் அசையவில்லை. கில்லன் பாரே (உடலின் எதிர்ப்புச் சக்தி தன் நரம்புகளையே தாக்கும் நோய்) என்றார்கள். ஐந்து நாள் மருந்து ஏற்றினார்கள்.

"நடப்பேனா சார்?"

"நடப்பீங்க. எப்பன்னு மட்டும் கேக்காதீங்க."

கணவர் அழுதார். நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஏழு மாதத்தில் வாக்கரைப் பிடித்து நடந்தேன். ஒரு சிறிய அச்சகத்தில் கல்யாணப் பத்திரிகைகளைக் கணினியில் அடித்துக் கொடுப்பது என் வேலை. விரல்கள் தேறிவிட்டன. ஆனால் கணினி மாடியில் இருந்தது. கொல்லையில் இருந்த கழிப்பறை குந்தி உட்காரும் வகை.

முதலாளி செல்வராஜ் வீட்டுக்கு வந்தார். மொத்தமே நான்கு பேர் வேலை செய்யும் கடை அது.

"பெரிய கம்பெனின்னா செஞ்சுடுவாங்க மாலதி. நான் கொல்லைய இடிச்சுக் கட்டுனா, புது மெஷினுக்கு வச்சிருக்கற பணம் போயிடும்."

"வேற ஆள் போட்டுக்குங்க சார்" என்றேன். கோபமில்லை. ஒன்றுமே தோன்றவில்லை.

கணவர்தான், "பதினோரு வருஷம் வேலை பாத்திருக்கு சார்" என்றார். முதலாளி செருப்பை மாட்டிக்கொண்டு போனார்.

ஒரு மாதம் கழித்துத் தொலைபேசியில் கூப்பிட்டார். "திங்கக்கெழம வாங்க. படி ஏற வேணாம்."

அவருடைய மேசை இருந்த இடத்தில் என் கணினி இருந்தது. மேசை மாடிக்குப் போயிருந்தது. கொல்லையில் உட்காரும் வகைக் கழிப்பறை. பிடித்து எழச் சுவரில் ஒரு கம்பி.

முகூர்த்த மாதத்தில் பழைய மெஷின் இரண்டு நாள் நின்றுபோனது. வந்த வேலைகள் வேறு அச்சகத்துக்குப் போயின. மெஷின் ஓட்டும் முருகையன் என்னைப் பார்க்காமல், "புதுசு வாங்கியிருக்கலாம்" என்றார். முதலாளிக்கும் அது கேட்டிருக்கும்.

நன்றியோ குற்ற உணர்ச்சியோ எனக்கு வந்திருக்க வேண்டும். இரண்டும் வரவில்லை. இதே நிலையில் இருப்பவர்களுக்கு ஒன்று சொல்வேன்: மனமும் மரத்துப்போகும். அதற்காக உங்களைக் கெட்டவர் என்று எண்ணிக்கொள்ளாதீர்கள்.

இப்போது கைத்தடியோடு நடக்கிறேன். பாதம் எங்கே இருக்கிறது என்று கண்ணால் பார்த்துத்தான் அடுத்த அடி வைக்கிறேன். வாசலிலிருந்து நாற்காலி வரை போவதே காலையில் ஒரு வேலை.

போன வாரம் பத்திரிகை மாதிரி பார்க்க ஒருவர் வந்தார். "நீங்க இறங்காதீங்க சார், நானே காட்டறேன்" என்று மாடியைப் பார்த்துக் குரல் கொடுத்தேன். அப்படி ஒரு நாளும் சொன்னதில்லை. அதற்குள் முதலாளி இறங்கத் தொடங்கியிருந்தார். முழங்கால் வலிக்காரர், படிக்குப் படி நின்று வந்தார். நானும் மேசையைப் பிடித்து எழுந்தேன். அவர் கடைசிப் படியில் கால் வைத்தபோதுதான் நான் நிமிர்ந்து நின்றேன்.