ஓடாத மெஷின் சூடான கதை

எங்கள் வீட்டுக்குக் கம்ப்யூட்டர் வந்த அன்று அப்பா முதலில் செய்த காரியம், அதன் தலையில் புறங்கையை வைத்துப் பார்த்ததுதான். கடலூரிலிருந்து கொண்டுவந்த கடைக்காரர் ஒயர்களையெல்லாம் மாட்டி, திரையில் நீல வானத்தை வரவழைத்து, நாங்கள் வாயைப் பிளப்போம் என்று எதிர்பார்த்து நிமிர்ந்தார். நானும் அண்ணனும் ஒழுங்காகப் பிளந்தோம். அப்பா மட்டும் மானிட்டரின் மேல்பக்கத்தில் கையை வைத்துக்கொண்டு யோசனையில் இருந்தார்.

"சூடு ஏறுதே."

"ஓடுனா சூடாகத்தான் செய்யும் சார்."

"அது தெரியும். எது வரைக்கும் ஏறலாம்?"

அந்தக் கேள்வியை அவரிடம் அதுவரை யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். பேச்சை மாற்றுவதற்காக யூ.பி.எஸ். ஒன்று வாங்கிக்கொள்ளச் சொன்னார். அப்பாவுக்கு ரோஷம் வந்துவிட்டது. தமிழ்நாடு முழுக்க மின்வெட்டில் வெந்துகொண்டிருந்த வருஷங்கள் அவை. வடலூரில் பாதி நாள் இருட்டு. எங்கள் நெய்வேலி குவார்ட்டர்ஸில் மட்டும் கரண்ட் போகாது. "ஒங்க கடைக்கு கரண்டு குடுக்குறதே நாங்கதான்யா. எங்ககிட்டயே பேட்டரி விக்க வர்றீரா?" என்றார். கடைக்காரர் டீயைக் குடித்துவிட்டுக் கிளம்பிவிட்டார்.

புறங்கை விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். அப்பாவுக்குச் சுரங்கத்தில் கன்வேயர் பெல்ட் பிரிவில் மெக்கானிக் வேலை. வெட்டிய நிலக்கரியைச் சுமந்துகொண்டு ஓயாமல் ஓடும் அந்த பெல்ட்டுக்கு அடியில் வரிசையாக உருளைகள் இருக்கும். அதில் ஒன்று சிக்கிக்கொண்டு சூடேறினால் போதும், படிந்திருக்கும் தூள் பற்றிக்கொள்ளும். ஷிஃப்ட் ஏறியதும் மோட்டார், பேரிங் என்று ஒவ்வொன்றிலும் புறங்கையை வைத்துப் பார்த்துக்கொண்டே போவது அவர் பழக்கம். அந்தப் பழக்கத்தைச் சுரங்க வாசலில் விட்டுவிட்டு வரத்தான் அவருக்குத் தெரியவில்லை. பால் பாத்திரம், இஸ்திரிப் பெட்டி, எங்கள் நெற்றி, பக்கத்து வீட்டு ஸ்கூட்டர் என்று எதையும் விடமாட்டார். பரீட்சை நேரத்தில் டிவியின் முதுகைத் தொட்டுப் பார்த்தே எங்களைப் பலமுறை பிடித்திருக்கிறார்.

கம்ப்யூட்டருக்கு ஷிஃப்ட் முறை போட்டதும் அவர்தான். ஐந்து மணியிலிருந்து ஆறு வரை பிளஸ் டூ படிக்கும் அண்ணன். ஆறிலிருந்து ஏழு வரை பத்தாவது படிக்கும் நான். ஏழு மணிக்கு மெஷினுக்கு ஓய்வு. ரிலீவர் வராமல் யாரும் சீட்டை விட்டு எழுந்திருக்கக் கூடாது என்று ஒரு விதி வேறு. சுரங்கத்தில் அப்படித்தானாம், அடுத்த ஷிஃப்ட்காரர் வந்து நின்றால்தான் இவர் இறங்கலாம்.

அண்ணன் இந்த விதியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டான். சரியாக ஆறுக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது அம்மாவிடம் போய், வீட்டில் கறிவேப்பிலை இல்லை என்று அக்கறையாக ஞாபகப்படுத்துவான். நான் கடைக்கு அனுப்பப்படுவேன். திரும்பி வந்தால், "ரிலீவர் லேட்டு. நான் என்ன பண்றது?" என்று திரையில் கார் ஓட்டிக்கொண்டிருப்பான். வீட்டில் ஒரு சின்னத் தோப்பு வைக்கும் அளவுக்குக் கறிவேப்பிலை சேர்ந்துவிட்டது. நான் புகார் செய்ததும் அப்பா விசாரித்து, ஓவர்டைம் கிடையாது என்று தீர்ப்புச் சொன்னார்.

இதில் அம்மாவுக்கு ஷிஃப்ட் எதுவும் கிடையாது. அது எங்களில் யாருக்கும் தோன்றவில்லை. அம்மாவுக்கும் கம்ப்யூட்டருக்கும் உள்ள உறவு, பழைய புடவையைக் கிழித்து அதற்கு உறை தைத்துப் போட்டதோடு முடிந்துவிட்டதாக நினைத்துக்கொண்டிருந்தோம். நாங்கள் விளையாடும்போது சில சமயம் கரண்டியும் கையுமாகப் பின்னால் வந்து நிற்பார். "அடுப்புல ஏதோ தீயுதும்மா" என்று நானே துரத்தியிருக்கிறேன்.

அப்பா ஏழரைக்குப் பையை எடுத்துக்கொண்டு பஜாருக்குப் போனதும் எங்களுக்கு நைட் ஷிஃப்ட் ஆரம்பம். அவர் வருவதற்குள் மானிட்டரை ஆறவைக்க வேண்டும். எங்களுடையது பின்பக்கம் பெருத்த பழைய மானிட்டர், லேசில் சூடு இறங்காது. டேபிள் ஃபேனைத் தூக்கிவந்து அதன் முதுகுக்கு நேராக வைத்து பத்து நிமிஷம் ஓடவிடுவோம். கடைசியில் அப்பா கையை வைத்தால் குளுகுளு என்று இருக்கும். ஒரு நாள் சைக்கிள் சத்தம் கேட்ட பதற்றத்தில் ஃபேனைத் திருப்ப மறந்துவிட்டோம். இரண்டு பிள்ளைகளும் வேர்த்து வழிய உட்கார்ந்திருக்க, ஃபேன் மானிட்டருக்கு வீசிக்கொண்டிருந்தது. அதற்குமேல் விசாரணை எதற்கு?

"ஷிஃப்ட் இல்லாத நேரத்துல இன்னொரு வாட்டி இது சூடா இருந்துச்சு, தூக்கிக் குடுத்துருவேன்" என்றார் அப்பா.

யாருக்கு என்று நாங்கள் கேட்க வேண்டியிருக்கவில்லை. அடுத்த பிளாக்கில் அப்பாவோடு வேலை பார்க்கும் நண்பர் ஒருவர் இருந்தார். வடலூர்ப் பக்கத்து ஆள். கம்ப்யூட்டர் வந்த நாளிலிருந்து பெண் பார்க்க வருகிறவர் மாதிரி வாரம் இரண்டு முறை வந்து, தூரத்தில் உட்கார்ந்து அதைப் பார்த்துவிட்டுப் போவார். "எங்க வூட்ல பசங்க கேட்டுக்கினே கீதுங்கண்ணே. ஒங்களுக்கு வாணாம்னா எனக்கு ஒரு வார்த்தை சொல்லுங்க" என்று அப்போதே துண்டு போட்டு வைத்திருந்தார்.

பயத்தில் நாங்கள் உண்மையாகவே திருந்திவிட்டோம். ஏழு மணியானால் நானே உறையை மாட்டிவிடுவேன். அப்படி உத்தமியாக இருந்த வாரத்தில்தான் அது நடந்தது. முதல் ஷிஃப்ட் முடிந்து மதியம் இரண்டரைக்கு வீட்டுக்கு வந்த அப்பா, சட்டையைக் கழற்றுவதற்கு முன் மானிட்டரைத் தொட்டார். சூடு.

நான் அந்நேரம் பள்ளிக்கூடத்தில். அண்ணன் மதியச் சாப்பாட்டுக்கு சைக்கிளில் வீட்டுக்கு வந்து போகிறவன், அதனால் பழி அவன்மேல் விழுந்தது. சத்தியம் செய்தான். நான் நம்பவில்லை. மௌஸில் வேறு மஞ்சள் கறை இருந்தது, தின்ற கையோடு தொட்டிருக்கிறான் என்று எடுத்துக் கொடுத்தேன். ரோஷத்தில் மறுநாளிலிருந்து டப்பாவில் சோறு கட்டிக்கொண்டு போனான். அப்போதும் இரண்டரை மணிக்கு மானிட்டர் சூடாகவே இருந்தது.

அப்பா குழம்பிப்போனார். ஸ்விட்சை அணைத்து, பிளக்கையும் பிடுங்கிப் போட்டுவிட்டு வேலைக்குப் போனார். திரும்பி வந்தபோது பிளக் போட்டுவிட்டுப்போன இடத்திலேயே கிடந்தது. மானிட்டர் சூடாக இருந்தது.

நண்பர் வரவழைக்கப்பட்டார். இருவரும் வேலையில் ஊறியவர்கள். ஒருவர் மாற்றி ஒருவர் புறங்கையை வைத்துப் பார்த்தார்கள். மேற்கு ஜன்னல் வழியாக வெயில் படுகிறதோ என்று போர்வையைக் கட்டினார்கள். சுவருக்கு அந்தப் பக்கம் இருக்கும் ஃபிரிட்ஜின் சூடோ என்று மேஜையைத் தள்ளிப் போட்டார்கள். மறுநாளும் சூடு. அம்மா இரண்டு பேருக்கும் டீ கொண்டுவந்து வைத்தார், டம்ளர்களை எடுத்துப் போனார், மறுபடி டீ கொண்டுவந்தார். அந்த நாட்களில் எங்கள் வீட்டில் பொரியல் அடிக்கடி அடிப்பிடித்தது. அதைப் பற்றியும் அப்பா குறை சொன்னார், ஆனால் தனி விஷயமாக.

இரண்டாவது நாள் டீ பாதியில் இருக்கும்போது அப்பாவுக்குப் பிடிபட்டது.

"கனியுதுய்யா" என்றார்.

நண்பர் டம்ளரைக் கீழே வைத்தார். "ஆமாண்ணே. கனியத்தான் செய்யுது."

சுரங்கத்தோடு பிழைக்கிறவர்களுக்கு இதை விளக்க வேண்டாம். வெட்டிக் குவித்த பழுப்பு நிலக்கரி சும்மா கிடந்தாலே உள்ளுக்குள் சூடேறிக் கனியும், கவனிக்காமல் விட்டால் புகையும். எங்கள் ஊரில் தூள் படியாத பொருளே கிடையாது. கொடியில் காயும் வெள்ளைச் சட்டைக்குத் தெரியும் அந்தச் சங்கதி. மானிட்டரின் முதுகில் இருக்கும் துவாரங்கள் வழியாகத் தூள் உள்ளே போய்ச் சேர்ந்து, அங்கே கனிந்துகொண்டிருக்கிறது. ஓடாத மெஷின் சூடாவதற்கு வேறென்ன காரணம் இருக்க முடியும்? இரண்டு பேரும் ஒருவரையொருவர் மெச்சிக்கொண்டார்கள். பிள்ளைகள் இருக்கும் வீட்டில் இதை வைத்திருப்பது ஆபத்து என்று முடிவானது. "நான் எடுத்துக்கினு போறேண்ணே. பொட்டியக் கழட்டி ஊதி, எங்க வூட்ல வச்சுக்கிறேன்" என்று அந்த ஆபத்தைத் தன் தலையில் ஏற்றுக்கொள்ள நண்பர் முன்வந்தார்.

சனிக்கிழமை காலை மினி வேனும் கயிறுமாக வந்துவிட்டார். அண்ணன் அறையை விட்டு வெளியே வரவில்லை. நான் மேஜையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. ஒரு குற்றமும் செய்யாத வாரத்தில் கம்ப்யூட்டர் போகிறதே என்ற ஆத்திரம் ஒரு பக்கம். இப்படியாகும் என்று தெரிந்திருந்தால் ஏழு மணிக்கு மேல் நன்றாக ஆடித் தீர்த்திருக்கலாமே என்ற வயிற்றெரிச்சல் இன்னொரு பக்கம்.

"பாப்பா, நீ எப்ப வேணா எங்க வூட்டுக்கு வந்து பாரு" என்றார் நண்பர். அவரைக் கடித்துவிடலாம் போல இருந்தது.

அவர் உறையோடு சேர்த்துக் கயிற்றைச் சுற்ற ஆரம்பித்தபோது அம்மா சமையலறையிலிருந்து முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார்.

"அது கனியலைங்க. நான்தான் சீட்டு ஆடுனேன்."

அண்ணன் கதவைத் திறந்துகொண்டு எட்டிப் பார்த்தான்.

"என்னது?" என்றார் அப்பா.

"அதுல சீட்டுக்கட்டு இருக்குல்ல, அதைத்தான் சொல்றேன். நீங்கள்லாம் போனப்புறம் ஆடுவேன். முடிச்சுட்டுப் பிளக்கை எடுத்து இருந்த எடத்துலயே போட்டுருவேன்."

"ஒனக்கு யாரு சொல்லிக் குடுத்தா?"

"இவங்க ஆடுறப்ப பின்னாடி நின்னு பாத்துக்கிட்டுதான இருந்தேன்."

அப்பா நாற்காலியில் உட்கார்ந்தார். "நாங்க ரெண்டு பேரும் இத்தனை நாளா மண்டைய ஒடச்சுக்கிட்டு நின்னோமே. ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"என்னைய யாரும் ஒண்ணும் கேக்கலையே. டீதான் கேட்டீங்க."

நண்பர் கயிற்றை மெதுவாக அவிழ்க்கத் தொடங்கினார். எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை, அதே சமயம் முகம் எரிந்தது. மஞ்சள் கறையைக் கண்டுபிடித்த புத்திசாலி நான். மஞ்சள் யார் கையில் இருக்கும் என்று யோசிக்க எனக்குத் தோன்றவே இல்லை. நிலக்கரி தானாகப் பற்றிக்கொள்ளும் என்பதுவரை அந்த வீட்டில் எல்லோரும் யோசித்தோம், அம்மாவை விட்டுவிட்டோம்.

அப்பாவுக்கு இன்னும் நம்பிக்கை வரவில்லை. ஆடிக் காட்டச் சொன்னார். அம்மா பிளக்கைச் சொருகி, பட்டனை அமுக்கி, வானம் வரும்வரை இடுப்பில் கைவைத்துக் காத்திருந்து, உட்கார்ந்தார். மௌஸ் ஓடிய வேகத்தைப் பார்த்து அண்ணன் என்னைப் பார்த்தான். சற்று நேரத்தில், ஜெயித்துவிட்டதற்கு அடையாளமாகச் சீட்டுகளெல்லாம் திரை முழுக்கத் துள்ளித் துள்ளி விழுந்தன. என் அறுபது நிமிஷ ஷிஃப்டில் நான் ஒருமுறைகூட அதுவரை போனதில்லை.

"சரி" என்றார் அப்பா. நியாயம் தவறாதவர் என்ற பெயரைக் காப்பாற்ற வேண்டுமே. "ஒனக்கும் ஒரு ஷிஃப்ட் போட்டுருவோம். காலைல பத்துலருந்து பதினொண்ணு."

அம்மா எழுந்து முந்தானையைச் சரிசெய்துகொண்டார்.

"ஷிஃப்ட்டெல்லாம் எனக்கு வேணாங்க. நீங்க ஏதாவது ஒரு ஷிஃப்ட்டுக்குப் போறீங்க. நான் மூணுக்கும் எந்திரிக்கிறேன். எனக்கு வீக்லி ஆஃப் குடுங்க."

அப்பா நண்பரைப் பார்த்தார். நண்பர் கயிற்றை முழங்கையில் சுற்றிக்கொண்டே, "ரூல்படி பாத்தா அண்ணி கேக்கறது கரெக்ட்டுதாண்ணே" என்றார். அந்த ஒரு வார்த்தைக்காக அவருடைய முந்தைய குற்றங்களையெல்லாம் நான் மன்னித்துவிட்டேன். வேன்காரர் வெளியே ஹாரன் அடித்தார்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. அம்மா காலையிலேயே உட்கார்ந்துவிட்டார். அண்ணன் கறிவேப்பிலை வாங்கக் கடைக்கு அனுப்பப்பட்டான், அனுப்பியது அம்மா. அப்பா உப்புமா கிண்டினார். கட்டி கட்டியாக வந்ததைப் பற்றி யாரும் வாயைத் திறக்கவில்லை. எனக்கு அந்த ஞாயிறு ஷிஃப்டும் இல்லை, புகார் சொல்ல வாயும் இல்லை.

பத்து மணி வாக்கில் அப்பா கரண்டியோடு வந்து, பழக்கதோஷத்தில் மானிட்டர்மேல் புறங்கையை வைத்தார். நன்றாகவே சூடேறியிருந்திருக்கும். அம்மா திரும்பிப் பார்க்காமல், "ரிலீவர் வந்தாச்சா?" என்று கேட்டார்.

"இல்ல. நீ ஆடு" என்றார் அப்பா. டேபிள் ஃபேனைத் தூக்கிவந்து, அம்மா பக்கமாகத் திருப்பி வைத்துவிட்டு, அடுப்பைப் பார்க்கப் போனார்.