தேவாரத்துப் புள்ளி

எங்கள் வீட்டுக் கூடத்துச் சுவரில் ஒரு வரைபடம் தொங்குகிறது. ஆறடிக்கு நாலடி பிளைவுட் பலகை, கறுப்புப் பெயிண்ட், அதன்மேல் நான் கையால் வரைந்த மலைகள், நீலத்தில் ஆறு, ஊருக்கு ஒரு ஓட்டை. ஒவ்வொரு ஓட்டையிலும் ஒரு ஃபைபர் முனை பச்சையாக எரியும். கூடலூர், கம்பம், சின்னமனூர், பெரியகுளம் எல்லாம் பளிச்சென்று இருக்கும். தேவாரம் மட்டும் மங்கல். அதைச் சரிசெய்ய எனக்கு ஒரு நிமிடம் போதும். செய்யமாட்டேன்.

என் மனைவியின் ஊர் தேவாரம். அவளுக்கு இருப்பது ஒரே அண்ணன். அந்த மச்சானுக்கும் எங்களுக்கும் பேச்சுவார்த்தை நின்று போனதற்குக் காரணம் நான்தான். இதைச் சொல்ல எனக்கு ஆறு வருடம் பிடித்தது.

மூத்த மகள் கல்யாணத்தின்போது நடந்தது அது. எங்கள் பக்கம் கல்யாணப் பத்திரிகையைக் கொடுப்பது என்று சொல்வதில்லை, வைப்பது என்றுதான் சொல்வோம். கணவனும் மனைவியுமாக வீட்டுக்குப் போக வேண்டும். தட்டில் வெற்றிலை பாக்கு, பழம், குங்குமம், அதன்மேல் பத்திரிகை. உட்கார வேண்டும், ஒரு வாய் காப்பியாவது குடிக்க வேண்டும். நான் தொலைபேசித் துறையில் ஃபைபர் கேபிள் இணைத்துக் காலம் கழித்தவன். எதையும் சுருக்கமான வழியில் முடிப்பதில் எனக்கு ஒரு பெருமை. போடி பஸ் ஸ்டாண்டில் ஏலக்காய்க் கடை வாசலில் மச்சானைப் பார்த்தேன். பையைத் திறந்து ஒரு பத்திரிகையை எடுத்து நீட்டிவிட்டேன். தேவாரத்துக்கு ஒரு நடை மிச்சம் என்று வீட்டில் வந்து பீற்றிக்கொண்டேன்.

என் மனைவி அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். கை நின்றுவிட்டது.

"எங்கன வச்சுக் கொடுத்தீக?"

"போடி பஸ் ஸ்டாண்டுல."

"நின்னுக்கிட்டா?"

"பின்ன, படுத்துக்கிட்டா கொடுப்பாக?"

அவள் சிரிக்கவில்லை. மறுநாளே தேவாரம் போகலாம் என்று கெஞ்சினாள். ஒரே ஆளுக்கு ரெண்டு தடவை பத்திரிகையா என்று நான் கத்தினேன். மூக்குக்கு மேல் கோபம் வருகிற ஆள் நான், அன்று அது என் கண்ணையே மறைத்துவிட்டது. மச்சான் கல்யாணத்துக்கு வரவில்லை. மணமேடையில் தாய்மாமன் நிற்க வேண்டிய இடத்தில் என் மனைவியின் சித்தப்பா மகன் நின்றார். அந்த ஆல்பத்தில் என் மனைவி சிரிக்கிற படம் ஒன்றுகூட இல்லை. அதன்பிறகு அவள் தேவாரம் போகவில்லை. அவர் தேனியில் எங்கள் வீட்டுக்கு வரவில்லை.

சின்னவளுக்குக் கல்யாணம் நிச்சயமானதும் என் மனைவி ஒன்றே ஒன்றுதான் சொன்னாள். "இந்தத் தடவ எங்கண்ணன் வரணும்."

"ஒரு ஊரும் விட்டுப் போகாது. அதுக்கு ஒரு ஏற்பாடு பண்றேன்" என்றேன். ஏதோ ஊர் விட்டுப் போனதுதான் போன தடவை பிரச்சினை என்பதுபோல.

இப்படித்தான் வரைபடம் பிறந்தது. பலகையில் ஒரு மில்லிமீட்டர் துளைகள் போட்டேன். ஒவ்வொரு துளையிலும் வெளிச்சத்தைக் கடத்துகிற பிளாஸ்டிக் ஃபைபரை நுழைத்து, பின்பக்கம் கொண்டுபோய், வரிசையாக ஒட்டிய குட்டி எல்.இ.டி. பல்புகளின் தலையில் ஒன்றுக்கு ஒன்றாகப் பொருத்தினேன். எந்தப் பல்பு எந்த நிறத்தில் எரிய வேண்டும் என்று சொல்வது தீப்பெட்டி அளவு சர்க்யூட் போர்டு ஒன்று. அதற்குப் புரோகிராம் எழுதியவள் கல்யாணப் பெண்ணேதான். வீட்டிலிருந்தே கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறவள். பத்திரிகை வைக்காத ஊர் சிவப்பு, வைத்துவிட்டால் பச்சை. என் போனில் ஊர்ப் பெயரைத் தொட்டால் வீட்டுச் சுவரில் நிறம் மாறும், நான் எந்த ஊரில் இருந்தாலும்.

"அப்பா, ஒரு நோட்டுல பேரெழுதி டிக் அடிச்சா போதாதா?" என்று கேட்டாள்.

"நோட்டு தொலைஞ்சு போகும்."

"நீங்க பண்ற கூத்துக்கு மாப்பிள்ள வீட்டுக்காரக பயந்து ஓடப் போறாக" என்றாள். ஆனாலும் ஒரு வாரம் என்னோடு தரையில் உட்கார்ந்து ஒயரும் பசையுமாகக் கிடந்தாள். எனக்கு அந்த வாரம் போதும். கல்யாணமாகிப் போகிற மகளோடு அப்பன்மாருக்கு அப்படி ஒரு வாரம் எளிதில் வாய்ப்பதில்லை.

முதல் தடவை ஸ்விட்ச் போட்டபோது பள்ளத்தாக்கு முழுக்கச் சிவப்பாகப் பூத்தது. வந்தவர்களெல்லாம் தங்கள் ஊரைத் தேடினார்கள். ஓடைப்பட்டியிலிருந்து திராட்சைக் கூடையோடு வந்த என் அக்கா வரைபடத்தின் முன்னால் இடுப்பில் கைவைத்து நின்றாள். "ஏலே, எங்க ஊர மலைக்கு மேல தூக்கி வச்சிருக்க. தண்ணிய நீயா வந்து ஏத்துவ?" அவளுக்காக ஒரு அங்குலம் கீழே வேறு துளை போட்டேன்.

நாளாக நாளாகச் சிவப்பு குறைந்தது. ஆண்டிபட்டி பச்சை, உத்தமபாளையம் பச்சை, கம்பம் பச்சை. ஒவ்வொரு வீட்டிலும் காப்பி குடித்து எனக்கு நெஞ்செரிச்சலே வந்துவிட்டது. தேவாரத்தை மட்டும் தள்ளிப் போட்டேன். "கடைசில பாத்துக்கலாம்" என்றேன். அங்கே போய் என்ன முகத்தோடு உட்காருவது என்பதுதான் உண்மை. மச்சானே போன் செய்யட்டும் என்றொரு வீம்பும் இருந்தது. போன தடவை கெஞ்சிப் பார்த்த என் மனைவி இந்தத் தடவை கேட்கவே இல்லை.

கடைசியில் பலகை முழுக்கப் பச்சையும் நடுவில் தேவாரம் ஒன்று மட்டும் சிவப்புமாக நின்றபோதுதான் கவனித்தேன். அந்தச் சிவப்பு மற்ற ஊர்கள் எரிந்ததுபோல் எரியவில்லை. நாளுக்கு நாள் மங்கிக்கொண்டே வந்தது. எனக்குப் பொறுக்குமா? பலகையைக் கழற்றிக் கவிழ்த்தேன். பல்பை மாற்றினேன். பசையைச் சுரண்டி மறுபடி ஒட்டினேன். ஃபைபர் எங்காவது மடிந்து வெளிச்சம் கசிகிறதா என்று விரலால் தடவிப் பார்த்தேன். எல்லாம் சரி. ஒரு பகல் முழுக்க அதோடு மல்லுக்கட்டிவிட்டுக் கடைசியில்தான் பலகையை நிமிர்த்தி முன்பக்க முனையைப் பார்த்தேன். முதலில் முனையைப் பார், அழுக்கிருந்தால் துடை என்று கூட வேலை செய்தவர்களிடமெல்லாம் தொண்டை வற்றச் சொன்னவன் நான்.

முனையைச் சுற்றிக் குங்குமம். ஒரு நாளில் ஒட்டியது இல்லை, ஒன்றன்மேல் ஒன்றாக அப்பியிருந்தது. சிவப்பு வெளிச்சத்தில் சிவப்புப் பொடி என் கண்ணில் படவே இல்லை.

துடைக்காமல் பலகையை மாட்டினேன். மறுநாள் காலையில் பேப்பரைப் பிடித்துக்கொண்டு கூடத்தில் உட்கார்ந்திருந்தேன். என் மனைவி சாமி கும்பிட்டுவிட்டு வந்தாள். குங்குமத்தை நெற்றியில் வைத்தாள், தாலியில் வைத்தாள். நான் பேப்பருக்குள் இருக்கிறேன் என்று நினைத்து, வரைபடத்தின் பக்கம் போய் விரலில் மிச்சம் இருந்ததைத் தேவாரத்தில் ஒற்றினாள். ஒரு கணம் விரலை அங்கேயே வைத்திருந்தாள். பிறகு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

எனக்கு வெட்கமாக இருந்தது. அழுகையும் வந்தது, மறைக்க என்ன இருக்கிறது.

"சேலைய மாத்து. தேவாரம் போயிட்டு வருவோம்" என்றேன். அவள் அடுப்பை அணைத்த வேகத்தில் பால் பாத்திரமே ஆடிப்போனது.

மச்சான் பனியனோடு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். "வாங்க" என்றார், அவ்வளவுதான். அவர் மனைவி காப்பி கொண்டுவந்து வைத்தார்கள். யாரும் எடுக்கவில்லை. வழி நெடுகப் பஸ்ஸில் ஒத்திகை பார்த்ததெல்லாம் எனக்கு மறந்துபோயிற்று.

"மச்சான், அன்னைக்கு நான் செஞ்சது தப்பு. வழியில வச்சுக் கொடுத்திருக்கக் கூடாது."

அவர் மின்விசிறியைப் பார்த்தார். "நீங்க கொடுத்தது கூடப் பெருசில்ல மாப்ள. என் தங்கச்சி இந்த வாசப்படி ஏறி வந்து வைக்கலையே. அவளுக்கே நான் வேணாமோன்னு நெனச்சேன்."

என் மனைவி தட்டை நீட்டினாள். அவர் எழுந்து வாங்கிக்கொண்டார். ஆனால் வருகிறேன் என்று சொல்லவில்லை. "பாப்போம்" என்றார். எங்கள் ஊரில் அந்த வார்த்தைக்கு வரமாட்டேன் என்றும் அர்த்தம் உண்டு.

என்ன செய்வதென்று தெரியாமல் போனை எடுத்துத் தேவாரத்தைத் தொட்டேன். அடுத்த நிமிடம் வீட்டிலிருந்து மகள் கூப்பிட்டாள். அம்மாவுக்கும் கேட்கட்டும் என்று சத்தமாக வைத்தேன்.

"அப்பா, வரைபடத்துல தேவாரம் மாறிருச்சு. ஆனா சரியாப் பச்சையாத் தெரியல. முனையில ஏதோ செவப்பா அழுக்கு ஒட்டியிருக்கு. தொடைச்சிரவா?"

"தொடாத" என்றேன் அவசரமாக.

"என்ன வரைபடம், என்ன அழுக்கு மாப்ள?" என்றார் மச்சான்.

சுவரில் ஊருக்கு ஒரு விளக்கு வைத்த கதையைச் சொன்னேன். என் மனைவி தலையைக் குனிந்துகொண்டாள். "அது அழுக்கில்ல மச்சான். குங்குமம். தெனமும் சாமி கும்பிட்டுட்டு ஒங்க தங்கச்சி ஒங்க ஊருக்கு வச்சுக்கிட்டிருக்கா."

மச்சான் என் கையிலிருந்து போனை வாங்கினார்.

"ஆத்தா, மாமன் பேசுறேன். குங்குமத்தப் போயித் தொடைப்பாகளா? அப்படியே இருக்கட்டும். நான் வந்து பாக்குறேன்."

"எப்ப மாமா?"

"இந்தா, சட்டைய மாட்டிக்கிட்டு இவுக கூடவே வாரேன்."

அவர் உள்ளே போனார். ஆறிப்போயிருந்த காப்பியை என் மனைவி எடுத்து ஒரே மடக்கில் குடித்தாள்.